அம்மை: நோய்ப்பெயரும் பேணுமுறையும் – சொல்வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நோயை அறிதலும் நோய்க்கு மருத்துவம் செய்தலும் பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை நம்பிக்கைகளின் வேறுபாடாக மட்டும் காண்பதே பெருவழக்கு. எது ஒரு நோய், எது வேறொரு நோய், நோயரை யார் பேணுவது, நோய் எப்போது முடிந்தது என்பனவற்றையும் மொழியே பெரிதும் வரையறுக்கிறது என்பதை 'அம்மை' என்னும் தமிழ்ச் சொல்லைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அம்மை தொடர்பான பெயர்கள், வினைவழக்குகள், விலக்குகள், வழிபாட்டுச் செயல்கள் ஆகியன ஒன்றோடொன்று இயைந்த ஒரு பேணுமுறையை உருவாக்கியுள்ளன. அம்முறையின் பயனும் குறையும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

அம்மை, அக்கி, மாரி, வெப்பு, நோய்ப்பெயர், பேணுமுறை, அம்மைப்பால், மருத்துவ மானிடவியல்.

முன்னுரை

பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார அமைப்பின் பேரவை 1980 மே 8 அன்று அறிவித்தது. இந்தியாவில் அந்நோய் 1975ஆம் ஆண்டிலேயே முடிவுக்கு வந்துவிட்டது. நோய் மறைந்து அரை நூற்றாண்டு ஆகியும் அந்நோயைச் சுற்றி எழுந்த சொற்களும் செயல்களும் தமிழரிடையே மறையவில்லை. சின்னம்மை கண்ட வீட்டு வாயிலில் இன்றும் வேப்பிலை செருகப்படுகிறது. அவ்வீட்டில் தாளிதம் நிறுத்தப்படுகிறது. நோய் தணிந்தபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றப்படுகிறது.

இச்செயல்களை மூடநம்பிக்கை எனத் தள்ளுவோர் ஒருபுறமும், முன்னோரின் மறைபொருள் அறிவியல் எனக் கொண்டாடுவோர் மறுபுறமும் உள்ளனர். இரு சாராரும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகின்றனர். இன்றைய மருத்துவத்தோடு பொருந்துகிறதா இல்லையா என்பதே அவ்வளவுகோல். அதனால் அம்மை பற்றிய வழக்குகள் தமக்குள் எவ்வாறு இயைந்துள்ளன என்ற வினா எழாமலே போய்விடுகிறது. அவ்வினாவை மொழியின் வழியே எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும். 'அம்மை' என்னும் பெயர் நோயின் காரணத்தைச் சுட்டுவதைவிட, நோயரிடத்துப் பிறர் நடந்துகொள்ள வேண்டிய முறையையே மிகுதியாகச் சுட்டுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அகராதிப் பொருள்களும், பேச்சு வழக்குகளும், இலக்கியச் சான்றுகளும், வழிபாட்டு நடைமுறைகளும் இதற்குத் தரவுகளாகின்றன.

நோயும் நோயுணர்வும்

மருத்துவ மானிடவியலில் ஆர்தர் கிளெய்ன்மன் முன்வைத்த ஒரு பாகுபாடு இவ்வாய்வுக்கு அடிப்படையாகிறது. மருத்துவர் உடலில் கண்டறியும் கேடு ஒன்று. நோயரும் அவர்தம் குடும்பத்தாரும் பட்டறியும் துன்பம் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை 1980இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கினார். தனக்கு வந்தது என்ன, ஏன் வந்தது, எவ்வாறு தீரும் என்பதற்கு நோயர் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். மருத்துவரும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். மருத்துவம் நிகழ்வது இவ்விரு விளக்கங்கள் சந்திக்குமிடத்தில் என்பது அவர் கருத்து. 1976இல் ஜார்ஜ் ஃபாஸ்டர், நோய்க்காரணம் பற்றிய உலக மக்களின் கருத்துகளை இரண்டாகப் பகுத்தார். தெய்வம், ஆவி, பிறர் தீச்செயல் முதலிய ஏதேனும் ஓர் உயிர்ப்பொருளின் விருப்பத்தால் நோய் வருகிறது என்பது ஒன்று. வெப்பம், குளிர், உடற்கூறுகளின் சமன்குலைவு முதலிய இயற்கைக் காரணங்களால் வருகிறது என்பது மற்றொன்று.

தமிழ் மருத்துவ மரபு பின்னதைச் சார்ந்தது. வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் மிகுதியும் குறைவும் நோய்க்குக் காரணம் எனச் சித்த மருத்துவம் கூறும். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, வளி முதலாக எண்ணப்படும் மூன்றையே முதற்குறளில் காரணமாக வைக்கிறது. அவ்வதிகாரத்தில் தெய்வச் சினத்துக்கு இடமில்லை. எனின், அம்மை ஃபாஸ்டரின் பகுப்பில் எங்கு அடங்கும்? தெய்வம் வந்தது என்பதும் உடற்சூடு மிகுந்தது என்பதும் அம்மை வழக்கில் ஒருசேர ஒலிக்கின்றன. இரு வகைகளாகப் பிரிக்கப்பட்டவை இங்கு ஒரே தொடரின் இரு முனைகளாக நிற்கின்றன. அத்தொடரைக் காண முதலில் பெயர்களை நோக்க வேண்டும்.

ஒரு பெயரில் பல நோய். ஒரு நோய்க்கு இரு பெயர்

'அம்மை' என்பது தாயையும் பெண்தெய்வத்தையும் குறிப்பதோடு கொப்புளம் எழும் நோயையும் குறிக்கும். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புள் ஒன்றாகிய அம்மை இதனின் வேறானது. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, மணல்வாரியம்மை, விளையாட்டம்மை, புட்டாளம்மை எனப் பல நோய்கள் இப்பெயரின்கீழ் வருகின்றன. நீர்க்கொள்வான், சிச்சிலுப்பை என்பன வட்டார வழக்குகள். ஈழத்தமிழில் அம்மாள் வருத்தம், கொப்புளிப்பான், சின்னமுத்து, கூகைக்கட்டு முதலிய சொற்கள் வழங்குகின்றன.

இப்பெயர்களில் இரு வகை உண்டு. மணல்வாரி, கொப்புளிப்பான், நீர்க்கொள்வான், முத்து என்பன கண்ணுக்குத் தெரியும் உருவத்தால் அமைந்தவை. அம்மை, அம்மாள் என்பன உறவால் அமைந்தவை. உருவப்பெயர் நோயை நோயருடைய தோலில் காண்கிறது. உறவுப்பெயர் நோயை வீட்டுக்கு வந்த ஒருத்தியாகக் காண்கிறது.

இன்றைய மருத்துவம் வைரஸின் அடிப்படையில் நோய்களைப் பகுக்கிறது. அதன்படி பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, புட்டாளம்மை ஆகிய நான்கும் வெவ்வேறு வைரஸ்களால் வருபவை. தமிழ் வழக்கு இவற்றை ஒரு குடும்பமாக்குகிறது. இதற்கு மறுதலையாக, சின்னம்மையையும் அக்கியையும் தமிழ் வழக்கு முற்றிலும் வேறாகக் கொள்கிறது. ஆனால் மருத்துவப்படி இரண்டுக்கும் காரணம் வாரிசெல்லா சோஸ்டர் என்னும் ஒரே வைரஸ். சின்னம்மை தணிந்தபின் அவ்வைரஸ் நரம்புக்கணுக்களில் ஒடுங்கியிருந்து, முதுமையிலோ எதிர்ப்பாற்றல் குன்றும்போதோ அக்கியாக வெளிப்படுகிறது.

இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. சின்னம்மைக்கு வேப்பிலையும் மாரியம்மனும் உரியவை. அக்கிக்குக் காவியும் குயவரும் உரியவர். குயவரிடம் சென்று கொப்புளங்களின்மீது காவியால் உருவெழுதுவதை 'அக்கி எழுதுதல்' என்பர். சின்னம்மை கண்டவர் தனித்திருக்க வேண்டும். அக்கி கண்டவருக்கு அத்தகைய கட்டுப்பாடு வலியுறுத்தப்படுவதில்லை. ஆனால் அக்கிக் கொப்புள நீர் வழியாக, முன்பு சின்னம்மை வராதவருக்கும் தடுப்பூசி இடாதவருக்கும் சின்னம்மை தொற்றக்கூடும். வீட்டில் கருவுற்ற பெண்ணோ பச்சிளங்குழந்தையோ இருப்பின் பெயர் வேறுபாடு உயிர்க்கேட்டில் முடியலாம். அதுபோலவே, ஒருமுறை அம்மை வந்தவருக்கு மறுபடி வராது என்னும் நம்பிக்கை, பொதுப்பெயரால் ஒரு நோயின் எதிர்ப்பாற்றலை மற்றொரு நோய்க்கும் நீட்டிவிடுகிறது. சின்னம்மை வந்த குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி வேண்டாம் என எண்ணுவதற்கு இப்பெயரொற்றுமை இடந்தருகிறது.

பெயர் மருத்துவத்தையும் பிறப்பிக்கும் என்பதற்குப் பொன்னுக்குவீங்கி சான்று. புட்டாளம்மைக்கு வழங்கும் மற்றொரு பெயர் இது. வீக்கம் கண்ட கழுத்தில் பொற்சங்கிலி அணிவிக்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. பெயரிலுள்ள 'பொன்' உலோகமாகப் பொருள்கொள்ளப்பட்டு மருந்தாகிவிடுகிறது.

வினைவழக்கும் அதன் பொருளும்

காய்ச்சல் அடிக்கிறது, நோய் தாக்கியது, வலி பிடித்தது என்பன பொதுவான நோய்வழக்குகள். அடி, தாக்கு, பிடி என்னும் வினைகள் நோயைப் பகையாகவே நிறுத்துகின்றன. அம்மைக்கு இவ்வினைகள் இயல்பாக வழங்குவதில்லை. 'அம்மை வார்த்திருக்கிறது', 'அம்மை போட்டிருக்கிறது', 'முத்துப் போட்டிருக்கிறது', 'அம்மன் விளையாடுகிறாள்', 'தாய் வந்திருக்கிறாள்', 'அம்மை இறங்கிவிட்டது' என்பனவே வழக்கு. தாக்குதலின் இடத்தில் வருகை, விளையாட்டு, பொழிவு ஆகியன அமைந்துள்ளன. கொப்புளம் அணிகலனாகிய முத்தாகிறது. அம்முத்தே முத்துமாரி எனத் தெய்வப்பெயரிலும் ஏறுகிறது.

இவற்றுள் 'வார்த்தல்' என்னும் வினை தனித்து நோக்கத்தக்கது. வார்த்தல் என்பது ஊற்றுதல். அம்மை வார்த்தல் நோயின் தொடக்கம். நோய் தணிந்தபின் தலைக்குத் தண்ணீர் வார்த்தல் அதன் முடிவு. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தல் அதன் நன்றிக்கடன். நோயின் வருகை, நீக்கம், நேர்த்தி ஆகிய மூன்றும் ஒரே வினையால் இணைக்கப்பட்டுள்ளன. வெம்மையாய் வார்க்கப்பட்டது குளிர்ந்த நீரும் கூழும் வார்க்கப்பட்டுச் சமன்பெறுகிறது. 'மாரி' என்பதற்கு மழை என்னும் பொருளும் உண்டு என்பதை இதனோடு சேர்த்தெண்ணின், நீர்மையே இவ்வழக்குகளின் உள்ளோட்டம் எனலாம்.

தொடரமைப்பும் கருதத்தக்கது. 'அவனுக்கு அம்மை வார்த்திருக்கிறது' என்னும் தொடரில் நோயர் நான்காம் வேற்றுமை ஏற்றுக் கொடைபெறுபவராக நிற்கிறார். தீயொழுக்கத்தாலோ அழுக்காலோ நோயை வரவழைத்துக்கொண்டவர் என்னும் குறிப்பு அத்தொடரில் இல்லை. தொழுநோயரைச் சமூகம் புறந்தள்ளியதையும் அம்மை கண்டவரை வீட்டின் நடுவே வைத்துப் பேணியதையும் ஒப்பிடின் இவ்விலக்கணத்தின் விளைவு விளங்கும். இரண்டும் தொற்றுநோய்களே. ஒன்றில் நோயர் வெளியேற்றப்பட்டார். மற்றொன்றில் நோயர் தெய்வத்தின் இருக்கையானார்.

வெப்பும் குருவும் மாரியும்

மழையின்மை, வெம்மை, கொப்புளநோய், பெண்ணின் சினம் ஆகியவற்றை ஒருங்கிணைத்துக் காணும் போக்கு தமிழில் பழமையானது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை இதற்குத் தெளிவான சான்று. கண்ணகியின் துயருக்குப்பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, வறுமை மிகுந்தது, வெப்பு நோயும் குருவும் தொடர்ந்தன என அப்பகுதி கூறுகிறது. 'குரு' என்பது கொப்புளத்தைக் குறிக்கும். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கைக்குப் பலியிட்டு விழாவெடுத்தபின் மழை பெய்து நாடு நலம்பெற்றது என்பது அங்குள்ள செய்தி.

இதனைக் கொண்டு கண்ணகியே மாரியம்மன் என நிறுவ முயல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்குருவைப் பெரியம்மை என்று உறுதிசெய்யவும் பனுவல் இடந்தரவில்லை. இங்கு வேண்டுவது கருத்தமைப்பு மட்டுமே. நிலத்தின் வெம்மையும் உடலின் வெம்மையும் ஒரே கேட்டின் இரு தோற்றங்களாக அங்கு வைக்கப்பட்டுள்ளன. இரண்டுக்கும் தீர்வு மழையாக அமைகிறது. வெம்மை, குளிர்ச்சி ஆகியன தென்னிந்தியச் சடங்குகளில் ஒழுங்குற மாறிமாறி அமைவதைப் பிரெண்டா பெக் 1969ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தெய்வச்சினம், உடற்சூடு ஆகிய இரண்டு விளக்கங்களும் முரண்படாமல் ஒன்றாக இயங்குவதற்கு இவ்வெம்மைக் கருத்தே பாலமாகிறது. ஆகவே அம்மை வழக்கில் 'சூடு' என்பது வெப்பமானி காட்டும் அளவைக் குறிப்பதன்று. காய்ச்சல் இல்லாதபோதும் உடல் சூடாக இருப்பதாக நோயர் கூறுவது இப்பொருளில்தான்.

பேணுமுறையின் ஒழுங்கு

அம்மை வீட்டின் விலக்குகள் பலவாயினும் அவற்றை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது குளிர்ச்சி. வேப்பிலைப் படுக்கை, மென்மையான வெள்ளாடை, இளநீர், நீர்மோர், பானகம், கஞ்சி ஆகியன இதன்பாற்படும். தாளித்தலும் பொரித்தலும் புலால் சமைத்தலும் விலக்கப்படுவதும் இதனாலேயே. இரண்டாவது தனிமை. பிறர் அவ்வீட்டுக்கு வருவதும் அவ்வீட்டார் பிறர் வீட்டுக்குச் செல்வதும் தவிர்க்கப்படும். வாயிலில் உள்ள வேப்பிலை எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய அறிவிப்பாகும். மூன்றாவது அமைதி. உரத்த பேச்சு, சண்டை, கேளிக்கை, கணவன் மனைவி உறவு ஆகியன விலக்கப்படும். நோயர் சினங்கொண்டாலும் எதிர்த்துரைப்பதில்லை.

இம்மூன்றும் நோயருக்கு மட்டும் உரியனவாக அமையாமல் வீடு முழுவதற்கும் விதியாகின்றன. நோயரின் உணவுக்கட்டுப்பாட்டை வீட்டாரும் மேற்கொள்கின்றனர். இக்கருத்தின் முழுவடிவைச் சமயபுரத்தில் காணலாம். மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள்கள் சமயபுரம் மாரியம்மன் பச்சைப்பட்டினி விரதம் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. அந்நாள்களில் தளிகை நிவேதனம் நிறுத்தப்பட்டுத் துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் ஆகியன படைக்கப்படுகின்றன. பக்தர் தெய்வத்துக்காக நோன்பிருத்தல் எங்கும் உள்ளது. இங்குத் தெய்வம் மக்களுக்காக நோன்பிருக்கிறது. அத்தெய்வம் ஏற்கும் உணவு, வேனிலில் அம்மை நோயருக்குத் தரப்படும் உணவோடு பெரிதும் ஒத்துள்ளது. நோயைத் தருபவளே நோயரின் பத்தியத்தை ஏற்றுக்கொள்கிறாள். மாரியம்மன் கோயில்களில் கண்மலர் சாற்றும் நேர்த்தியையும் இத்தொடர்பில் எண்ண வேண்டும். பெரியம்மை பலரது கண்ணொளியைப் பறித்த நோயாகும்.

மருந்து அதிகாரத்தின் இறுதிக்குறள் நோயர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து மருந்தை இயற்றுபவரையும் மருத்துவத்தின் நான்காம் உறுப்பாகக் கூறுகிறது. பெரியம்மைக்கு நோயை நீக்கும் மருந்து எம்மரபிலும் இருந்ததில்லை. நோயுற்றவர்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இறந்தனர். மருந்தும் மருத்துவரும் பயன்படாத அந்நோயில் எஞ்சி நின்றது நான்காம் உறுப்பு மட்டுமே. அதனையே 'அம்மை' என்னும் பெயர் ஓர் ஒழுங்காக்கியது எனலாம்.

அவ்வொழுங்கின் சுமை எவர்மீது விழுந்தது என்பதையும் மறைத்தலாகாது. வேப்பிலை பறித்தல், கஞ்சி காய்ச்சுதல், இரவில் விழித்திருத்தல் ஆகியன வீட்டுப் பெண்களின் வேலையாகவே அமைந்தன. அதே வேளையில் மாதவிலக்கான பெண் அம்மை கண்ட அறைக்குள் நுழைவது தீட்டெனத் தடுக்கப்பட்டது. தாயின் பெயரால் அமைந்த நோயில் தாய்மாருக்கே உழைப்பும் விலக்கும் உரியவாயின.

பிற பண்பாடுகளின் பெயரீடு

தமிழ் வழக்கின் தனித்தன்மையை அறிய, அதே பெரியம்மையைப் பிறர் எவ்வாறு பெயரிட்டனர் என்பதை ஒப்பிடுதல் பயன்தரும். வடமொழியில் மசூரிகா என்பது மைசூர்ப் பருப்பின் வடிவால் அமைந்த பெயர். சீனமொழியில் இந்நோய் வானுலகப் பூ எனப் பொருள்படும் பெயர் பெற்றது. இரண்டும் உருவப்பெயர்கள். வட இந்தியாவிலும் வங்கத்திலும் நோய்த்தெய்வம் சீதளா எனப்பட்டாள். குளிர்ந்தவள் என்பது பொருள். வெம்மைநோயின் தெய்வத்துக்குக் குளிர்ச்சியின் பெயரிட்டமையால் அங்குப் பெயரே வேண்டுதலாகிறது. சீதளாவுக்குரிய நாளில் அடுப்பு மூட்டாமல் முந்தைய நாள் சமைத்த உணவையே உண்பர். தமிழகத்தில் தாளிதம் நிறுத்தப்படுவதோடு இது ஒத்துள்ளது.

மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களிடையே நோய்த்தெய்வம் ஷொப்பொன்னா என்னும் ஆண். அப்பெயரை வெளிப்படையாகச் சொல்ல அஞ்சி, வெம்மையான நிலம் எனப் பொருள்படும் தொடர் முதலியவற்றால் சுட்டினர். அங்கும் வெம்மையே மையம். ஆனால் தமிழர் அச்சத்தைத் தாயென அழைத்துத் தணித்தனர். யொருபா மக்கள் பெயரை ஒளித்துத் தணித்தனர். அவ்வழிபாட்டை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசு தடைசெய்தது.

இத்தகைய குறியீட்டு மருத்துவம் ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மட்டும் உரியதெனக் கருதுதல் பொருந்தாது. சப்பானில் செந்நிறத் துணியும் செந்நிற ஓவியங்களும் பெரியம்மைக்குக் காப்பாகக் கொள்ளப்பட்டன. ஐரோப்பாவிலும் நோயரைச் செந்துணியால் போர்த்தும் மருத்துவம் இடைக்காலம் முதல் வழங்கியது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென், 1893இல் பெரியம்மை நோயரைச் செவ்வொளி அறையில் வைக்குமாறு பரிந்துரைத்தார். அம்முறை நிலைபெறவில்லை.

அம்மைப்பாலும் மொழிபெயர்ப்பும்

எட்வர்டு ஜென்னர் மாட்டம்மைப்பாலைக் கொண்டு 1796இல் செய்த தடுப்புமுறை 1802இல் இந்தியாவை அடைந்தது. தமிழ்நாட்டில் அது 'அம்மை குத்துதல்' எனப்பட்டது. குத்தப்பட்ட பொருள் 'அம்மைப்பால்' ஆயிற்று. இப்பெயர்களே ஒரு மொழிபெயர்ப்பின் வெற்றியைக் காட்டுகின்றன. பசுவிடமிருந்து பெறப்பட்ட நிணநீர், தாய் தரும் பாலாகத் தமிழில் நுழைந்தது.

இம்மொழிபெயர்ப்பில் தமிழறிஞர் நன்கறிந்த ஒருவருக்கும் பங்குண்டு. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்னும் கருத்தை 1816இல் வெளியிட்ட எஃப். டபிள்யூ. எல்லிஸ், தடுப்புமுறையைத் தேவியின் அருட்கொடையாகக் காட்டும் ஓர் உரையாடலைத் தமிழில் இயற்றியதைத் தாமஸ் டிரவுட்மன் எடுத்துக்காட்டியுள்ளார். 1819இல் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்னும் புனைபெயரில் வந்த கடிதம், தன்வந்திரி பெயரிலான பழநூலிலேயே பசு அம்மைப்பால் கூறப்பட்டுள்ளதாக உரைத்தது. அத்தகைய சான்று பழநூல்களில் இல்லை என்பதை டொமினிக் உயஸ்டிக் ஆராய்ந்து நிறுவியுள்ளார். எனினும் அக்கூற்று இன்றளவும் பண்டைய இந்தியாவில் தடுப்பூசி இருந்தது என்பதற்குச் சான்றாக மேற்கோள் காட்டப்படுகிறது. மக்களின் ஏற்பைப் பெற உண்டாக்கப்பட்ட பழமை, பின்னர் வரலாறாகவே கொள்ளப்பட்டது. நோய்மொழியைப் பயன்படுத்திக்கொள்ளுதல் வேறு, அதனைத் திரித்தல் வேறு என்பதற்கு இது எச்சரிக்கையாகும்.

தடுப்புமுறைக்கு எதிர்ப்பும் இருந்தது. தெய்வம் வந்த உடலில் ஊசி ஏற்றுவது அவளை அவமதிப்பதாகக் கருதப்பட்டது. காலனிய அரசு தன் குடிகளின் உடலைக் கைக்கொள்வதன் பகுதியாகப் பெரியம்மைத் தடுப்பை டேவிட் ஆர்னால்டு 1993இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்துள்ளார். 1899இல் கிண்டியில் தொடங்கப்பட்ட கிங் நிலையம் அம்மைப்பாலை உருவாக்கி வழங்கியது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப்பின் பெரியம்மை ஒழிந்தது. மாரியம்மன் வழிபாடு ஒழியவில்லை. நோய் இல்லாதபோது நோய்த்தெய்வம் என்னவாகிறாள் என்னும் வினாவைச் சென்னையை மையமாகக் கொண்டு மார்கரெட் எக்னார் 1984இல் எழுப்பினார்.

இன்றைய தேவை

பேணுமுறையும் மருத்துவமும் இன்று சந்திக்குமிடம் சின்னம்மை. தனிமை, ஓய்வு, நீராகாரம் ஆகியவற்றில் இரண்டும் ஒத்துப்போகின்றன. மூன்று இடங்களில் வேறுபடுகின்றன. முதலாவது, தனிமை கொப்புளம் தோன்றிய பின்னரே தொடங்குகிறது. தொற்றோ அதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டாவது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை குளிப்பு விலக்கப்படுகிறது. மருத்துவமோ சொறியாமல் தோலைத் தூய்மையாக வைத்திருக்க மிதமான நீரில் குளிக்கச் சொல்கிறது. மூன்றாவதும் முதன்மையானதும், மருத்துவரிடம் செல்லுதல் பற்றியது. அசைக்ளோவிர் என்னும் மருந்து கொப்புளம் தோன்றி 24 மணி நேரத்துக்குள் தொடங்கப்படும்போதே மிகுதியும் பயன்படும். வளர்ந்தோர், கருவுற்றோர், பச்சிளங்குழந்தைகள், எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோருக்கு நுரையீரல் அழற்சியும் மூளையழற்சியும் நேரக்கூடும். அம்மைக்கு மருந்தில்லை என்னும் கருத்து பெரியம்மைக் காலத்தில் உண்மை. சின்னம்மைக்கு அதனை நீட்டுவது கேடு. ஒரே பெயர் அந்நீட்சியை எளிதாக்குகிறது.

இதற்கு அம்மை என்பதெல்லாம் மூடத்தனம் என அறிவிப்பது தீர்வாகாது. இழிக்கப்பட்ட குடும்பம் மருத்துவரிடம் செல்வதைத் தவிர்க்கும். சென்றாலும் வீட்டில் செய்தவற்றை மறைக்கும். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் எனப் புகழ்வதும் தீர்வாகாது. அது மருத்துவரிடம் செல்ல வேண்டிய தேவையையே நீக்கிவிடும். நலவாழ்வுத் துறையின் தமிழ், பேணுமுறையின் சொற்களை ஏற்று அவற்றின் எல்லையைச் சுட்ட வேண்டும். மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி, நினைவுத் தடுமாற்றம், கொப்புளத்தில் சீழ் ஆகியன தோன்றின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் அம்மை கண்டவரைப் பேணுதலின் பகுதியே எனக் கூறலாம். அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸால் வருபவை என்பதும், தட்டம்மையும் சின்னம்மையும் வெவ்வேறு வைரஸ்களால் வருபவை என்பதும் பள்ளிப் பாடநூல்களில் தெளிவாக இடம்பெற வேண்டும்.

சொல்லும் மாறிவருகிறது. 2022இல் பல நாடுகளில் பரவிய நோயைத் தமிழ் இதழ்கள் 'குரங்கம்மை' என்றன. இங்கு அம்மை தாயுமல்லள், தெய்வமுமல்லள். கொப்புளநோய் என்னும் கலைச்சொல்லாகவே நிற்கிறது. குரங்கம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதாக வழக்கில்லை. உலக சுகாதார அமைப்பு அந்நோயின் ஆங்கிலப் பெயர் இழிவு சுமத்துவதாகக் கருதி அதே ஆண்டு நவம்பரில் அதனை மாற்றியது. நோயர்மீது இழிவு ஏற்றாத பெயர் வேண்டும் என்னும் அத்தேவையைத் தமிழின் பழைய 'அம்மை' முன்னரே நிறைவேற்றியிருந்தது. புதிய 'குரங்கம்மை' அதனை இழந்துவிட்டது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. தமிழ் நோய்ப்பெயர்கள் உருவப்பெயர், உறவுப்பெயர் என இருவகைப்படும். 'அம்மை' உறவுப்பெயராதலின் நோயரிடத்துப் பிறர் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பெயரளவிலேயே விதிக்கிறது.

2. நோயின் தொடக்கம், முடிவு, நேர்த்தி ஆகியன 'வார்த்தல்' என்னும் ஒரே வினையால் இணைகின்றன. தெய்வ விளக்கத்தையும் உடற்சூட்டு விளக்கத்தையும் வெம்மைக் கருத்து ஒன்றாக்குகிறது. இக்கருத்தமைப்பு உரைபெறு கட்டுரையிலேயே காணப்படுகிறது.

3. நோயை நீக்கும் மருந்து இல்லாத காலத்தில் குளிர்ச்சி, தனிமை, அமைதி என்னும் மூன்றும் மருத்துவத்தின் இடத்தில் நின்றன. நோயரை இழிவின்றிக் காத்தது இம்முறையின் பெரும்பயன்.

4. பல நோய்களை ஒரு பெயரிலும் ஒரு வைரஸின் நோய்களை இரு பெயர்களிலும் வகுத்தமை இம்முறையின் குறை. அதன் விளைவைத் தடுப்பூசித் தயக்கத்திலும் காலந்தாழ்ந்த மருத்துவத்திலும் காணலாம்.

5. பண்பாடுகளுக்கிடையே மருத்துவம் வேறுபடுவதை அறிய, மக்கள் எதை நம்புகின்றனர் என்பதோடு எதை ஒரே நோயாக எண்ணுகின்றனர் என்பதையும் வினவ வேண்டும். அவ்வினாவுக்கு விடை மொழியில் உள்ளது.

காமாலை, இசிவு, வலிப்பு, தேமல், மேகம் முதலிய பிற நோய்ப்பெயர்களையும் இம்முறையில் வட்டாரவாரியாகத் தொகுத்து ஆராயின், தமிழ் மருத்துவச் சொல்லாக்கத்துக்கும் மருத்துவருக்கும் நோயருக்கும் இடையிலான உரையாடலுக்கும் அது துணையாகும்.